வெட்டி எடுத்த மூன்று பகுதிகள்: நம் தொடர் வட்டத்தின் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

‘காடிஸ் கிரெட்டெக்’ என்ற இந்தோனேசியத் தொடரைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரில் தொடர்களைச் சேர்ந்து பார்த்துப் பேசும் நம் வட்டத்தார் எழுதிக் கொடுத்த கருத்துகளின் தொகுப்பு சென்ற வாரம் அச்சாகி என் கைக்கு வந்தது. எழுதிக் கொடுத்தவர்கள் 31 பேர். தொகுப்பில் இருப்பவை 29. விடுபட்ட இரண்டில் ஒன்று, பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கும் நம் இளைய உறுப்பினர் எழுதியது. மற்றொன்று, மத்திய ஜாவாவிலிருந்து வந்து 11 ஆண்டுகளாக என் தாயாரைப் பார்த்துக்கொள்ளும் பணிப்பெண் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதிக் கொடுத்தது. என்னுடைய கருத்து அச்சாகியிருக்கிறது. ஆனால் அதன் நடுப்பத்தியைக் காணவில்லை. முதல் பத்தியையும் கடைசிப் பத்தியையும் ஒட்டவைத்ததில், நான் எழுதாத ஒரு கருத்து என் பெயரில் வெளிவந்திருக்கிறது. வெட்டப்பட்ட மூன்றுக்கும் பொதுவானது ஒன்றே. மூன்றும் இந்தோனேசியப் படுகொலைகள் நடந்த 1965ஆம் ஆண்டைப் பற்றிப் பேசின.

செயலாளரிடம் காரணம் கேட்டேன். காதல் தொடரைக் காதல் தொடராகவே பார்ப்போம், அரசியல் வேண்டாம் என்று குழு முடிவெடுத்தது என்றார். பக்கத்து நாட்டு விவகாரத்தில் நாம் தலையிடுவது சரியாகாது என்றார். உறுப்பினர் அல்லாதவர்களின் கருத்தைச் சேர்ப்பது வழக்கமில்லை என்றும் சொன்னார். நேரில் பேசிப் பார்த்தும் பயன் கிட்டவில்லை என்பதால், எல்லா உறுப்பினர்களும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

முதலில், இந்தத் தொடரிலிருந்து 1965ஐ எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும் என்பதை உங்களோடு சேர்ந்து பார்க்க விரும்புகிறேன். ராத்தி குமாலாவின் நாவலைத் தழுவி, கமிலா அந்தினியும் இஃபா இஸ்ஃபான்ஸ்யாவும் இயக்கி, 2023 நவம்பர் 2 அன்று நெட்ஃபிளிக்ஸில் வெளியான ஐந்து அங்கத் தொடர் இது. 2001ஆம் ஆண்டில், மரணப் படுக்கையில் கிடக்கும் ஒரு கிரெட்டெக் (கிராம்பு கலந்த சிகரெட்) முதலாளி ‘ஜெங் யா’ என்று ஒரு பெண்ணின் பெயரைச் சொல்கிறார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்கும் பொறுப்பு இளைய மகன் லெபாஸிடம் வருகிறது. தேடிப் போகிறவனுக்கு வழியில் அரும் என்ற பெண் மருத்துவர் துணையாகிறார். இருவரும் பழைய கடிதங்களைப் படிக்கப் படிக்க, நாம் 1964ஆம் ஆண்டுக்குள் நுழைகிறோம். ஜெங் யா என்று அழைக்கப்பட்ட தாசியா, ஒரு கிரெட்டெக் உற்பத்தியாளரின் மூத்த மகள். புகையிலையையும் கிராம்பையும் முகர்ந்தே தரம் சொல்லக்கூடியவள். புகையிலையில் கலக்கும் நறுமணக் கலவையை, அவர்கள் ‘சவுஸ்’ என்கிறார்களே அதை, தானே உருவாக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஆசை. ஆனால் அந்தக் கலவை தயாராகும் அறைக்குள் பெண்கள் நுழையக் கூடாது. பெண் கை பட்டால் சுவை புளித்துவிடும் என்பது நம்பிக்கை. அந்த நீலக் கதவுக்கு முன் அவள் நிற்கும் காட்சியைப் பற்றி நம் உறுப்பினர்களில் பலர் எழுதியிருக்கிறார்கள். அந்தக் கருத்துகள் எல்லாம் சிறப்பானவை, அவை அச்சானதில் எனக்கு மகிழ்ச்சியே.

அந்தக் கதவை அவளுக்குத் திறந்துவிடுகிறவன் சுராஜா. வேலை தேடி வந்தவன், அவள் திறமையை மதிப்பவன், காதலன். இங்கே நிறுத்திக்கொண்டால் இது காதல் தொடர்தான். ஆனால் தொடர் இங்கே நிற்பதில்லை. 1965 செப்டம்பர் 30 இரவுக்கும் அக்டோபர் 1 விடியலுக்கும் இடையில் ஜகார்த்தாவில் ஆறு படைத்தளபதிகளும் ஓர் இளநிலை அதிகாரியும் கொல்லப்பட்டார்கள். ராணுவம் அந்தப் பழியை இந்தோனேசியக் கம்யூனிஸ்ட் கட்சியின் மீது சுமத்தியது. சோவியத் ஒன்றியத்தையும் சீனாவையும் விட்டால் உலகிலேயே பெரிய கம்யூனிஸ்ட் கட்சி அது. ஏறத்தாழ முப்பது லட்சம் உறுப்பினர்கள். அடுத்த சில மாதங்களில் அந்தக் கட்சியில் இருந்தவர்களும், அதன் விவசாயச் சங்கத்திலும் மகளிர் அமைப்பிலும் பெயர் இருந்தவர்களும், எதிலும் பெயரே இல்லாதவர்களும் என ஐந்து லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை கொல்லப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். லட்சக்கணக்கானோர் விசாரணையே இல்லாமல் அடைக்கப்பட்டார்கள். புரு தீவுக்கு அனுப்பப்பட்ட பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் 1969 தொடங்கிப் பத்தாண்டுகள் அங்கே காடு வெட்டினார்கள். பெண் கைதிகளுக்கென்று மத்திய ஜாவாவின் பிளாந்துங்கானில், முன்பு தொழுநோயாளர்கள் வைக்கப்பட்டிருந்த இடத்தில், தனி முகாம் இருந்தது.

தாசியாவின் வீட்டுக் கதவு தட்டப்படுவது இந்தப் பேரலையில்தான். அவள் தந்தையை இழக்கிறாள், தொழிலை இழக்கிறாள், சிறைக்குப் போகிறாள். அவள் கண்டுபிடித்த கலவை போட்டிக் குடும்பத்தின் சொத்தாகிறது. சுராஜா அந்தக் குடும்பத்தின் மருமகனாகிறான். தொடர் இந்த வரலாற்றைப் பாடம் நடத்துவதைப் போல விளக்கிக்கொண்டிருப்பதில்லை, ஜாவாவின் பார்வையாளருக்குக் கதவு தட்டப்படும் ஓசையே போதும். நம் ஊர்ப் பார்வையாளருக்கு அது போதாது என்பதால்தான், தெரிந்தவர்கள் ஒருசிலர் எழுதிக் கொடுத்தோம்.

இப்போது உங்கள் தொகுப்பைப் புரட்டுங்கள். பக்கம் 9இல் ஓர் உறுப்பினர், சுராஜா வந்து நின்றபோது தாசியா ஏன் வாய் திறந்து நாலு கேள்வி கேட்கவில்லை, தன்மானமில்லாத பெண் என்று எழுதியிருக்கிறார். பக்கம் 14இல் இன்னொருவர், இவ்வளவு திறமை உள்ளவள் சிறையிலிருந்து வந்தபிறகு தானே ஒரு கிரெட்டெக் நிறுவனம் தொடங்கியிருக்கலாமே, அழுதுகொண்டிருந்தது அவளுடைய பலவீனம் என்கிறார். இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொடரை மட்டும் பார்த்த ஒருவருக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. அந்தக் கேள்விகளுக்கான பதில் நான் எழுதிய நடுப்பத்தியில் இருந்தது. அதைத்தான் நீங்கள் எடுத்துவிட்டீர்கள்.

1965க்குப் பிறகு சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு பெண் சுதந்திரமான பெண் அல்லள். அவளுடைய அடையாள அட்டையில் ‘முன்னாள் அரசியல் கைதி’ என்பதன் சுருக்கமாக இரண்டெழுத்து முத்திரை பின்னாளில் பொறிக்கப்பட்டது. அரசு வேலை, ஆசிரியர் வேலை, ராணுவம் எதிலும் அவளுக்கோ அவள் பிள்ளைகளுக்கோ இடமில்லை. 1980களில் ‘சுத்தமான சூழல்’ என்ற பெயரில் வந்த விதி, பேரப்பிள்ளை வரை பின்தொடர்ந்தது. அதைவிடக் கொடியது அவதூறு. கொல்லப்பட்ட தளபதிகளின் உடல்களை மகளிர் அமைப்புப் பெண்கள் சிதைத்ததாகவும் அவற்றைச் சுற்றி ஆடியதாகவும் நாளிதழ்கள் எழுதின. அப்படி எந்தச் சிதைவும் இல்லை என்று பிரேதப் பரிசோதனை அறிக்கைகள் சொன்னது வெகுகாலம் கழித்தே வெளியே தெரிந்தது. அதற்குள் ‘அந்த மாதிரிப் பெண்’ என்ற சொல் ஓர் ஊரே காறித் துப்பும் சொல்லாகிவிட்டிருந்தது. தாசியா வாய் திறக்காமல் நின்றது காதல் ஊமையாக்கியதால் அல்ல. அவள் பேசினால், தங்கை ருகாயாவுக்கும் ஆபத்து, பேசக் கேட்டவனுக்கும் ஆபத்து. ஜெங் யாவின் மகள் அரும், ருகாயாவையே தாய் என்று நம்பி வளர்வதை ‘சீரியல் திருப்பம்’ என்று பக்கம் 17இல் ஒருவர் எழுதியிருக்கிறார். அந்தக் காலத்தில் ஒரு குழந்தையைக் காப்பாற்ற, அதன் தாய் யாரென்பதை மறைக்கவேண்டி வந்த குடும்பங்கள் உண்டு என்று தெரிந்தவர் அப்படி எழுத மாட்டார்.

ஆக, நீங்கள் அரசியலை நீக்கவில்லை. பழியை ஒரு பெண்ணின் குணத்தின் மீது நகர்த்திவிட்டீர்கள். குற்றச்சாட்டுகள் அச்சில் இருக்கின்றன, பதில் மட்டும் இல்லை.

என் வீட்டில் இருப்பவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார். குடுஸ் நகரத்துக்கு வெளியே ஒரு சிற்றூர் அவருடையது. கிரெட்டெக் பிறந்த ஊர் என்று இந்தோனேசியர்கள் சொல்வது குடுஸைத்தான். பற்றவைத்ததும் கிராம்பு எரிந்து ‘கிரெத்தெக் கிரெத்தெக்’ என்று பொரிவதால் வந்த பெயர் அது. அவருடைய பாட்டியும் அம்மாவும் ஆலையில் கையால் கிரெட்டெக் சுருட்டியவர்கள். சுருட்டுகிறவர் ஒருவர், நுனிகளைக் கத்தரியால் நறுக்கிச் சீராக்குகிறவர் இன்னொருவர் என்று இருவர் இருவராக உட்கார்ந்து செய்யும் வேலை. இரண்டும் பெரும்பாலும் பெண்கள் வேலை. எத்தனை ஆயிரம் சுருட்டினாய் என்பதற்கே கூலி. தொடரின் தொடக்கத்தில் பெண்கள் வரிசையாக அமர்ந்து சுருட்டும் காட்சி வந்தபோது அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். “கை சரியாக இருக்கிறது” என்றார். நடிகைகளின் முகத்தை அவர் பார்க்கவே இல்லை, விரல்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான்காம் அங்கம் ஓடும்போது பாதியில் எழுந்து அம்மாவுக்கு மருந்து கொடுக்கப் போனார். மருந்து நேரம் அதுவல்ல. மறுநாள் அவரே மீண்டும் போடச் சொல்லி முழுவதும் பார்த்தார். அந்த வாரத்தில் ஒருநாள் ஊருக்குத் தொலைபேசியில் பேசினார். எழுபதை நெருங்கும் தன் தாயிடம், 46 வயது வரை கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்: தாத்தா எப்படிப் போனார்?

அந்தத் தாய்க்கு 1965இல் ஒன்பது வயது. வந்தவர்கள் கத்தவில்லையாம், அடிக்கவில்லையாம். “செபந்தார் சாஜா, பூ” என்று பாட்டியிடம் மரியாதையாகச் சொன்னார்களாம். ‘சிறிது நேரந்தான், அம்மா’ என்று பொருள். தாத்தா சாரோங்கோடு, தோளில் துண்டோடு போனார். சங்கம் எதிலாவது அவர் பெயர் இருந்ததா என்பதுகூடக் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. அதற்குப் பிறகு பாட்டி ஆலைக்குப் போனார், வந்தார், பிள்ளைகளை வளர்த்தார். அந்த வீட்டில் வெளியே போகும்போது யாரும் ‘செபந்தார்’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் விதியாக இருந்தது. ஏனென்று பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லப்படவில்லை. வேறு சொல் சொல்லப் பழகிக்கொண்டார்கள். இதை அவர் என்னிடம் சொன்னபோதுதான் நான் நினைத்துப் பார்த்தேன்: 11 ஆண்டுகளில் கடைக்குப் போகும்போதும், குப்பை கொட்டப் போகும்போதும், என் தாயாரிடம் அவர் ‘நந்தி’, அதாவது ‘அப்புறம்’, என்றுதான் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். மலாய் தெரிந்த என் தாயார் ஒருமுறை அதைத் திருத்தியதுகூட உண்டு.

நம் சந்திப்புக்கு அவர் தன் ஓய்வு நாளான ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்து வந்தார். பின்வரிசையில் அமர்ந்திருந்தார். கருத்து எழுதித் தரலாம் என்று நீங்கள் அறிவித்தபோது, தாமும் தரலாமா என்று அவர் கேட்க, தலைவர் அவர்களே சிரித்த முகத்துடன் “தாராளமாக” என்றார். நான் பக்கத்தில் இருந்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் அவர் சொல்லவில்லை. அதன் கடைசி வரிகள் இவை: “அந்தப் பெண் திரும்பி வந்தபோது அவளிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. என் பாட்டியிடமும் யாரும் கேட்கவில்லை. கேட்காமலே இருப்பதுதான் மரியாதை என்று எங்களுக்குச் சொல்லித்தந்தார்கள். இந்தத் தொடரைப் பார்த்தபின் நான் கேட்டேன்.” தமிழில் எழுதியதைத் திரும்ப மலாயில் படித்துக்காட்டச் சொன்னார்; இரண்டு முறை படித்துக்காட்டினேன். தொகுப்பு வந்தபோது முதலில் வாங்கிப் புரட்டியவரும் அவர்தான். தமிழ் எழுத்து அவருக்குத் தெரியாது. எது தன்னுடையது என்று என்னிடம் கேட்டார்.

நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும் என்று நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்.

உறுப்பினர் அல்லாதவர் என்பது ஒரு காரணமாகுமானால், பக்கம் 22இல் வெளிவந்திருக்கும் கருத்தை எழுதியவர் யார்? உறுப்பினர் ஒருவரின் சென்னை உறவினர். விருந்தினராக வந்தவர். அவர் தொடரில் வரும் கெபாயா என்ற மேலாடையின் அழகைப் பற்றி எழுதியிருக்கிறார், அது அச்சாகியிருக்கிறது. அதை நீக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. உறுப்பினர் விதி ஒருவருக்கு மட்டும் நினைவுக்கு வந்தது ஏன் என்று கேட்கிறேன்.

கெபாயாவைப் பற்றிய கருத்துகள் மொத்தம் எட்டு இருக்கின்றன. தாசியா அணியும் கழுத்து உயர்ந்த கறுப்பு ஜங்கான் கெபாயா, தொடர் வெளியான பிறகு இந்தோனேசியாவில் பெரும் மோகமாகப் பரவியது. நம் சிங்கப்பூர் உள்ளிட்ட ஐந்து நாடுகள் சேர்ந்து விண்ணப்பித்து, கெபாயா 2024 டிசம்பரில் யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றது. எனவே அதைப் பற்றி எட்டுப் பேர் எழுதியது வியப்பில்லை. தாசியாவாக நடித்த டியான் சாஸ்த்ரோவர்தோயோ அதை அணிந்து நடந்துவரும் கம்பீரத்தை நானும் மறக்கவில்லை. புகைப்பழக்கத்தைத் தொடர் அழகுபடுத்துகிறது என்ற கண்டனமும் நான்கு இடங்களில் வந்திருக்கிறது. அதை முழுமனதாக ஏற்கிறேன். வளர்ந்த ஆண்களில் மூவரில் இருவர் வரை புகைக்கும் நாடு அது. உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையில் சேராத ஒரே ஆசியான் நாடும் அதுவே. என் தந்தை நுரையீரல் நோயில் இறந்தவர்; திரையில் அந்தப் புகை எழும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு இறுகியது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புகையிலைக் கொள்கையும் அரசியல்தான். பக்கத்து நாட்டின் புகையிலைச் சட்டத்தைக் கண்டிக்கும் நான்கு பத்திகள் உங்கள் கத்தரிக்குத் தப்பியிருக்கின்றன. காணாமற்போன ஒரு தாத்தாவைப் பற்றிய அரைப் பக்கம் மட்டும் எப்படி ‘தலையீடு’ ஆனது?

தலையீடு என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தத் தொடரை எடுத்தவர்கள் இந்தோனேசியர்கள். அவர்களில் இஃபா இஸ்ஃபான்ஸ்யா 2011இலேயே, ஒரு கிராமத்து நடனப் பெண்ணின் காதலையும் 1965இன் வேட்டையையும் சேர்த்துச் சொல்லும் ‘சாங் பெனாரி’ படத்தை எடுத்தவர். கமிலா அந்தினியின் 2022ஆம் ஆண்டுப் படமும் அதே பத்தாண்டின் பெண்ணொருத்தியைப் பற்றியதே. அதில் நடித்ததற்காக லாரா பாசுகி பெர்லின் திரைப்பட விழாவில் வெள்ளிக்கரடி விருது பெற்றார். அந்த நாட்டின் மனித உரிமை ஆணையம் 2012இல், 1965-66இல் நடந்தவை கடுமையான மனித உரிமை மீறல்களே என்று அறிக்கை தந்தது. 2023 ஜனவரி 11 அன்று அதிபராக இருந்த ஜோகோ விடோடோ, கடந்த காலத்தின் 12 மீறல் நிகழ்வுகளை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தபோது, அந்தப் பட்டியலில் முதலில் இருந்தது 1965-66. இன்னொரு பக்கம், 1965இல் ராணுவத்துக்குத் தலைமையேற்று, பின் 1998 வரை நாட்டை ஆண்ட சுகார்த்தோவுக்கு 2025 நவம்பர் 10 அன்று தேசிய வீரர் பட்டம் வழங்கப்பட்டது. அதை எதிர்த்தும் ஆதரித்தும் அந்த நாட்டு மக்களே பேசினார்கள். அங்கே அதிபரும் ஆணையமும் இயக்குநர்களும் பேசுகிற ஒன்றை, நம் அடுக்குமாடிக் கீழ்த்தளத்தில் முப்பது பேர் பேசக் கூடாது என்று நீங்கள் யாருக்காகத் தடுக்கிறீர்கள்?

பேசக் கூடாத காலம் எப்படி இருந்தது என்பதையும் என் வீட்டுப் பணிப்பெண்ணே சந்திப்பில் சொன்னார், நினைவிருக்கும். அரசு 1984இல் எடுத்த, 1965இன் நிகழ்வுகளைத் தன் பக்கத்திலிருந்து மட்டும் காட்டும் நீளமான படம் ஒன்று, ஆண்டுதோறும் செப்டம்பர் 30 இரவு தொலைக்காட்சியில் வரும்; பள்ளிப் பிள்ளைகள் கட்டாயம் பார்க்க வேண்டும். சுகார்த்தோ பதவி விலகிய 1998இல்தான் அது நின்றது. சிறுமியான இவர் மற்ற பிள்ளைகளோடு பக்கத்து வீட்டில் அமர்ந்து பார்ப்பாராம்; அம்மா மட்டும் அந்த இரவில் விளக்கை அணைத்துவிட்டுச் சீக்கிரமே படுத்துவிடுவாராம். ஒரே கதையை மட்டும் காட்டி மற்றதை வெட்டிவிடும் வழக்கத்தில் வளர்ந்தவர், இங்கே வந்து நம் வட்டத்திலும் அதையே பார்த்திருக்கிறார்.

குழுவின் மூத்தவர் ஒருவர் என்னிடம் தனியே சொன்னதையும் இங்கே குறிப்பிடுகிறேன், ஏனெனில் அது நேர்மையான மனக்குறை. “1965 என்றால் எனக்கு நினைவு வருவது மெக்டோனல்ட் ஹவுஸ் குண்டுவெடிப்பு. அவர்கள் நமக்குச் செய்ததை மறந்துவிட்டு அவர்களுக்காக அழச் சொல்கிறாயா, அம்மா?” என்று கேட்டார். ஐயா, 1965 மார்ச் 10 அன்று ஆர்ச்சர்ட் சாலையில் இந்தோனேசியப் படையினர் வைத்த அந்தக் குண்டில் இறந்த மூவரை யாரும் மறக்கக் கூடாது. அப்போது இந்தோனேசியா நம் மீது நடத்திய ‘கொன்ஃப்ரொன்தாசி’ மோதலில் உயிரிழந்தவர்களுக்கு 2015இல் நாம் நினைவுச்சின்னம் எழுப்பியது சரியான செயல். நான் அங்கே போய் நின்றிருக்கிறேன். குடுஸ் பக்கத்துக் கிராமத்தில் புகையிலை மூட்டை சுமந்த அந்தத் தாத்தா அந்தக் குண்டை வைக்கவில்லை. நம்மவர்களுக்கு நினைவாக ஒரு கல் இருக்கிறது. அவர் எங்கே புதைக்கப்பட்டார் என்ற செய்தியே இல்லை. நமக்கு நேர்ந்ததை நினைவில் வைத்திருப்பவர்களுக்குத்தான், பக்கத்து வீட்டுக்காரருக்கு நேர்ந்ததைக் கேட்கும் காது அதிகம் இருக்க வேண்டும் என்று நான் எண்ணுகிறேன்.

நமக்கும் அந்த மண்ணின் புகையிலைக்கும் தொடர்பே இல்லை என்பதுமில்லை. 19ஆம் நூற்றாண்டில் சுமத்ராவின் டெலி புகையிலைத் தோட்டங்களுக்குத் தமிழர்களும் கூலிகளாகப் போனார்கள். மேடான் நகரில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அவர்கள் வழிவந்ததே. அந்தத் தமிழர்களின் வாழ்க்கையைத் தோட்ட முதலாளிகளின் கணக்கேடுகளில்தான் நாம் இன்று தேடவேண்டியிருக்கிறது. அவர்கள் சொன்னதை எழுதிவைக்க யாரும் அருகில் இல்லை. இங்கே ஒருவர் சொன்னார், எழுதிவைத்தோம், அதை நாமே எடுத்து வீசிவிட்டோம்.

விடுபட்ட இளைஞரின் கருத்தைப் பற்றி ஒரு சொல். அவர் தொடரையும் விட்டுவைக்கவில்லை. சுராஜா செய்த துரோகத்தைக் காதலின் சோகமாக மென்மையாக்கிவிட்டது, கைது செய்தவர்களின் முகத்தைக் காட்டத் தயங்குகிறது, கடைசியில் இரு குடும்பத்துப் பிள்ளைகளும் சமாதானமாவதால் கணக்குத் தீர்ந்துவிட்டதைப் போலக் காட்டுகிறது என்று எழுதியிருந்தார். நான் அதில் பாதியை ஏற்கிறேன், பாதியை ஏற்கவில்லை. முகம் காட்டாமல் கதவை மட்டும் காட்டியதே அச்சத்தைச் சரியாகச் சொன்னது என்பது என் எண்ணம். இந்த வாதத்தை அவரோடு சந்திப்பில் அரை மணிநேரம் செய்தேன். இந்த ஆண்டு நம் வட்டத்தில் நடந்த மிகச் சிறந்த பேச்சு அதுதான் என்று நீங்களே சொன்னீர்கள். 22 வயதுப் பிள்ளை ஒருவர், ஒரு காதல் தொடரை இவ்வளவு ஊன்றிப் பார்த்துத் தமிழில் எழுதித் தருகிறார். இளைஞர்கள் வருவதில்லை என்று ஒவ்வோர் ஆண்டுக் கூட்டத்திலும் வருந்துகிற நாம் அவருக்குக் கொடுத்த பதில் மௌனம். அவர் அடுத்த சந்திப்புக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரிவித்திருக்கிறார்.

நான் கேட்பவை இவைதான். விடுபட்ட இரு கருத்துகளையும் என் நடுப்பத்தியையும் ஒரு சொல்லும் மாற்றாமல் தனி இணைப்பாக அச்சிட்டு, தொகுப்பைப் பெற்ற ஒவ்வொருவருக்கும் அடுத்த சந்திப்புக்கு முன் அனுப்புங்கள். அச்சுச்செலவு தடையென்றால் அதை நான் ஏற்கிறேன். அந்த இணைப்பின் தலைப்பில், இவை இடமின்மையால் விடுபட்டவை என்று எழுதாதீர்கள். குழுவின் முடிவால் நீக்கப்பட்டு, உறுப்பினரின் கோரிக்கையால் சேர்க்கப்பட்டவை என்று உள்ளபடி எழுதுங்கள். இனி யாருடைய கருத்திலும் அவரைக் கேட்காமல் ஒரு வரியைக்கூட நீக்குவதில்லை என்ற விதியை ஆண்டுக் கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். சந்திப்பில் பேச அழைக்கப்பட்ட எவரும், உறுப்பினரோ அல்லரோ, எழுதித் தரவும் உரிமையுள்ளவர் என்பதும் அதில் இடம்பெற வேண்டும்.

இந்தத் தொடருக்கென்று இன்னும் ஒரு சந்திப்பு வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள், ஏனெனில் நம் பல வீடுகளில் வேலை செய்யும் ஜாவா, மதுரா, லம்போங் பெண்களுக்கு அன்றுதான் ஓய்வு. இந்தத் தொடரைப் பார்த்த பணிப்பெண்கள் நம் உறுப்பினர்களின் வீடுகளிலேயே குறைந்தது நால்வர் இருப்பது எனக்குத் தெரியும். அவர்கள் விரும்பினால் வந்து பேசட்டும், விரும்பாவிட்டால் தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். எவரையும் வற்புறுத்தக் கூடாது. மலாயிலும் இந்தோனேசிய மொழியிலும் சொல்வதைத் தமிழில் சொல்ல நான் இருக்கிறேன்.

தலைவர் அவர்களிடம் தனியாக ஒரு வேண்டுகோள். “தாராளமாக” என்று சொன்னவர் நீங்கள். அந்த அரைப் பக்கம் ஏன் வரவில்லை என்பதை நான் சொல்வதைவிட நீங்கள் அவரிடம் நேரில் சொல்வதே முறை. வார நாட்களில் மாலை ஐந்து மணிக்கு அவர் என் தாயாரைச் சக்கர நாற்காலியில் கீழே பூங்காவுக்கு அழைத்து வருவார். அங்கே வாருங்கள்.

இவற்றைச் செய்யக் குழுவுக்கு விருப்பமில்லை என்றால், அதையும் எழுத்தில் தெரிவியுங்கள். மீதமுள்ள பிரதிகளிலிருந்து என் பெயரையும் என் கருத்தையும் நீக்கிவிடுங்கள். அடுத்த சந்திப்புக்கு ஒரு வாரம் முன்பாக உங்கள் பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
ஒன்பது ஆண்டுகளாக வட்டத்தில் இருக்கும் உறுப்பினர்
சிங்கப்பூர்